எழுந்து போக வேண்டிய இடம்

“நாலாவது எபிசோட்ல அந்தப் பொண்ணு சிவப்புக் குடையை விரிப்பா. விரிச்சதும் நீ எழுந்து அடுப்படிக்குப் போயிடு. டீவியை நிறுத்த வேணாம், அது பாட்டுக்கு ஓடட்டும். கொஞ்ச நேரத்துல ஒரு நாய் குலைக்கும். அப்போ திரும்பி வந்து உட்காரு. கதை ஒன்னும் போயிருக்காது.”

இந்த சீரிஸைப் பாருங்கள், அந்தப் படத்தைப் பாருங்கள் என்று சிபாரிசு செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் எந்த இடத்தில் எழுந்து போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னவர் ஒரே ஒருவர்தான். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குக் கடல் தாண்டும் காலை பெர்ரிப் படகில் எங்களோடு வந்துகொண்டிருந்த அக்கா. பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். தவிர, நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. இப்போது தைப்பிங்கில் தங்கை வீட்டோடு இருக்கிறார். அவர் எங்களோடு பெர்ரியில் வந்த கடைசி வருஷத்தில், அவருக்காக ஒரு படத்தை நாங்கள் தேடிப் பிடிக்க வேண்டி வந்தது. அவர் பழையபடி ஆளாவாரா மாட்டாரா என்பதே அந்தப் படத்தில்தான் இருக்கிறது என்று பைத்தியக்காரத்தனமாக நம்பினோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் அது விளங்காது.

நாங்கள் நாலு பேர். நான் பீச் ஸ்திரீட்டில் கப்பல் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. காதர் அண்ணன் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை. எங்களில் மூத்தவர். தேவி ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருந்தாள். எங்களில் இளையவள். அக்கா ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, நடுங்கிக்கொண்டே வருகிறவர்களுக்கு நம்பர் கொடுத்துத் தைரியம் சொல்கிற வேலை பார்த்தார். பெர்ரி அக்கரை சேர்வதற்குள் ஒரு கோப்பியைக் குடித்து முடிக்கலாம், அவ்வளவுதான் நேரம். அந்த நேரம் முழுவதும் எங்களுக்குப் பேச்சு ஒன்றுதான். நேற்று என்ன பார்த்தாய், இன்று என்ன பார்க்கலாம்.

காதர் அண்ணன் சொல்லும் படங்களில் யாராவது ஒருவன் சுவரை உடைத்துக்கொண்டு பறந்தே ஆக வேண்டும். “செம படம் தம்பி. பார்க்கலன்னா லாஸ் உங்களுக்குத்தான்” என்பார். தேவிக்குக் கொரியா நாடகம். சொல்வதோடு விட மாட்டாள். மறுநாள் “பார்த்தாச்சா?” என்று வந்து நிற்பாள். இல்லை என்றால், பத்திரிகை வைத்தும் கல்யாணத்துக்கு வராதவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். அவள் முகத்துக்குப் பயந்து, பார்க்காததையே பார்த்தேன், சூப்பர் என்று நானும் காதர் அண்ணனும் எத்தனையோ முறை புளுகியிருக்கிறோம். என் சிபாரிசெல்லாம் கொலைக் கதைகள். யார் கொன்றது என்று கடைசிவரை தெரியாமல் இருந்தால் அது நல்ல கதை, அவ்வளவுதான் என் ரசனை.

அக்கா எதையும் உடனே சொல்ல மாட்டார். நல்லதாக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், “பொறு, பார்த்துட்டுச் சொல்றேன்” என்பார். ஏற்கெனவே அவர் பார்த்ததாகத்தான் இருக்கும். இருந்தாலும் இன்னொரு முறை பார்ப்பார்.

“மொத தடவை பார்த்தது எனக்கு. இப்போ உனக்காகப் பார்க்கணும்லா. உன் கண்ணை வச்சுப் பார்த்தா வேற மாதிரி இருக்கும்.”

சில நாள் கழித்து, பெர்ரி கிளம்பிப் படகு ஜெட்டி பின்னால் போனதும், கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். “நல்லா இருக்கு. பார்க்கலாம். ஆனா ஒரு இடம் இருக்கு.”

அந்த ஒரு இடம் ஆளுக்கு ஆள் மாறும். காதர் அண்ணனின் தாயார் ஊரில், நாகூர்ப் பக்கம், கொரோனா நோய்க்காலத்தில் இறந்துபோனார். விமானம் ஓடாத சமயம். அடக்கத்தைக் கைப்பேசியில்தான் பார்த்தார். எங்களிடம் அம்மா மௌத்தாகிவிட்டார் என்று ஒரு வரி சொன்னதோடு சரி, அதற்கு மேல் அவர் பேசியதில்லை. ஆனால் தலைக்கு மேல் விமானம் போனால் அவர் குனிந்து தன் செருப்பைப் பார்ப்பார் என்பதை அக்கா பார்த்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவருக்குச் சொல்லும் படங்களிலெல்லாம் விமான நிலையத்துக்குக் காவல் போட்டுவிட்டார். “அண்ணே, ஹீரோ பெட்டி கட்டுறான்னா ஏர்போர்ட் வருதுன்னு அர்த்தம். நீங்க வெளியில போய்க் காத்து வாங்குங்க. கல்யாண மேளம் கேட்டதும் உள்ளே வாங்க.”

திரும்பி வருவதற்கு அவர் சொல்லும் அடையாளம் எப்போதும் ஒரு சத்தமாகத்தான் இருக்கும். நாய் குலைப்பது, மேளம், கதவு மணி, பாத்திரம் விழுவது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “எழுந்து போனவங்களுக்குக் கண்ணு இங்கே இருக்காது தம்பி, காதுதானே இருக்கும்” என்றார். பதில் தயாராக இருந்தது. நான் கேட்பதற்கு வெகுநாள் முன்பே இதை யோசித்து முடித்திருக்கிறார் என்று தெரிந்தது.

தேவிக்கு மட்டும் எங்கள் முன்னால் சொல்ல மாட்டார். அவள் காதோரம் குனிந்து சொல்வார். தேவிக்கு வயிற்றில் பிள்ளை தங்காமல் போன விஷயம் எங்களுக்கு அப்போது தெரியாது. பல் வலியோடு அக்காவின் கிளினிக்குக்குப் போனபோது, எக்ஸ்ரே எடுக்கும் முன் பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று கேட்டதும் தேவி தயங்கிய ஒரு நொடியில் அக்காவுக்கு விளங்கிவிட்டதாம். பிரசவம், தொட்டில், பேர் வைப்பது எதுவும் அவள் கண்ணில் முன்னறிவிப்பு இல்லாமல் பட்டதில்லை. “எங்கம்மா கூட இப்படிப் பார்த்துக்கல அண்ணே” என்று பிறகு ஒருநாள் தேவி என்னிடம் சொன்னாள்.

“தங்கச்சி பல் டாக்டர்கிட்ட வேலை பார்த்துப் பார்த்து, நம்ம எல்லாருக்கும் மரத்துப் போற ஊசி போடுது லா” என்பார் காதர் அண்ணன்.

“ஊசி போடாமப் பிடுங்கினா நீங்க அப்புறம் கிளினிக் பக்கமே வர மாட்டீங்கண்ணே” என்று சிரிப்பார் அக்கா.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, என் முறை வரும்வரை. ஒருநாள் ஒரு கொலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், குரலைத் தாழ்த்தி, “ரெண்டாவது எபிசோட் முடியுறப்போ ஒரு மோட்டார் வரும் தம்பி. மழைத் தண்ணி ரோட்ல நிக்குதுன்னு காட்டுவான். அப்பவே எழுந்துடு” என்றார்.

என் தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில் போனவன். அதைப் பெர்ரியில் யாரிடமும் நான் மூச்சு விட்டதில்லை. பெர்ரி கரை தொட்டதும் மோட்டார்கள் உறுமிக்கொண்டு முதலில் வெளியேறும். அவை போய் முடியும்வரை நான் கடல் பக்கம் திரும்பி நிற்பேன். அது எனக்கே தெரியாது. அக்கா சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரைக் கேட்டு என் முதுகை இந்த அம்மாள் படித்துக்கொண்டிருந்தார்? ஒரு வாரம் வேறு பக்கம் போய் உட்கார்ந்தேன். வீம்புக்கென்றே அந்த எபிசோடை எழுந்திருக்காமல் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, மறுநாள் அவர் எதிரில் போய் நின்று, “பார்த்துட்டேன்கா. எனக்கு ஒன்னும் ஆகல” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. “செரி தம்பி. இனிமே உனக்கு மோட்டார் பத்திச் சொல்லல” என்றார்.

சொன்னபடி நிறுத்தியும்விட்டார். அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு கதையிலும் எந்தத் திருப்பத்திலிருந்து எது வருமோ என்று நான் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. சில மாதம் போனபின் அவராகவே, யாருக்கோ சொல்வதுபோல், “அதுல ஒரு இடம் இருக்கு, ஹெல்மெட்டைத் தேடுவான்” என்று கடலைப் பார்த்துச் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியாதது என்ன இருந்தது?

ஒருமுறை அவருக்கும் தப்பியது. காதர் அண்ணனுக்காக ஒரு படத்தைச் சலித்துக் கொடுத்திருந்தார், விமானமே இல்லை. ஆனால் அதில் ஒருவன் வெளிநாட்டிலிருந்து தாயோடு போனில் பேசுவான். லைன் சரியில்லாமல், “கேக்குதாம்மா, கேக்குதாம்மா” என்று கத்திக்கொண்டே இருப்பான். காதர் அண்ணன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் அக்கா அவரிடம் மன்னிப்புக் கேட்ட விதம், கெட்டுப்போன சோற்றை அவருக்குப் போட்டுவிட்டவர்போல் இருந்தது. காதர் அண்ணன் பதறிப்போய், “விடு தங்கச்சி, எல்லாத்தையும் யார் பார்க்க முடியும்?” என்றார். “நான் பார்த்திருக்கணும்ணே. லைன் கட்டாகும்னு எனக்குத் தோணியிருக்கணும்” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. சிபாரிசு என்பது வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போவது. இப்படிக் காவல் காப்பதற்கு ஒரு மனிதருக்கு என்ன நேர்ந்திருக்க வேண்டும் என்று யோசித்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் அவர் வீட்டில் இருந்தது. ஒரு சாயங்காலம் பால்மாவு டின்கள் அடங்கிய பெரிய பெட்டியோடு பட்டர்வொர்த் ஜெட்டியில் அவர் தடுமாறிக்கொண்டிருந்தார். “கெரெத்தா நிக்குது, வாங்கக்கா” என்று என் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குள் பெட்டியை இறக்கி வைத்தேன். கூடத்தின் மூலையில் சாய்வு நாற்காலியில் அவர் கணவர் இருந்தார். வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துபோனவர். ஒரு காலத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவராம். எனக்கு நல்ல கையை நீட்டினார். நான் பிடித்துக் குலுக்கினேன். அவ்வளவுதான், அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அது நிற்கவேயில்லை. நான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து விழித்தேன்.

“உன்னால இல்ல தம்பி. நரம்பு அப்படி ஆயிடுச்சு. சின்னதா ஒன்னு தட்டினாப் போதும், ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது, மூச்சுத் திணறிப் போயிடும்” என்று சொல்லிக்கொண்டே அக்கா அவர் நெஞ்சைத் தடவிவிட்டார். “டீவி மட்டும்தான் அவருக்குப் பொழுதுபோக்கு. அதுலயும் எது வரும்னு தெரியாது. குழந்தை ஆகாது, சண்டை ஆகாது, நாய் வழி தெரியாம நின்னாக் கூட ஆகாது. அதான் நான் முன்னாடியே பார்த்துடுவேன்.”

பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படத்தைப் போட்டார். ரிமோட் கையிலேயே இருந்தது, கட்டை விரல் பொத்தானில். கணவர் ஆவலோடு திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா திரையைப் பார்க்கவேயில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காட்சி தொடங்குவதற்குள் விரல் அமுங்கியது, படம் தாவி அடுத்த காட்சிக்குப் போனது. கணவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் மெல்ல எழுந்து வந்துவிட்டேன். காரில் உட்கார்ந்த பிறகு, ஒரு வாரம் வேறு இடம் பார்த்து உட்கார்ந்த என்னை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவர் கணவர் இறந்துபோனார். நாங்கள் மூவரும் சேர்ந்து போனோம். அடுக்குமாடியின் நடைபாதையில் சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசற்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி ஏதோ சொல்லி அனுப்பினார். எங்கள் முறை வந்தபோதுதான் அது என்ன என்று விளங்கியது.

“அண்ணே, வாய் கொஞ்சம் கோணியிருக்கும். பார்த்துப் பயந்துடாதீங்க. தேவி, நீ உள்ளே வர வேணாம், ஊதுபத்திப் புகை ஜாஸ்தி, இங்கேயே இரு. தம்பி, நீ கால்மாட்டுல நில்லு. அங்கேருந்து பார்த்தா தூங்குற மாதிரிதான் இருக்கும்.”

நான் கால்மாட்டில் நின்றேன். அவர் சொன்னபடி தூங்குகிற மாதிரிதான் இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது இறந்தவருக்காக அல்ல. தூக்கும்போதும் அக்கா அழவில்லை. யாரோ ஒரு பெரியம்மாள் மயங்கி விழப் போனாள், அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். “கல்லு மனசுக்காரி” என்று பின்னால் ஒரு குரல் சொன்னது. காதர் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி முறைத்த முறைப்பில் அது அடங்கியது.

கருமாதி முடிந்து அக்கா பெர்ரிக்குத் திரும்பினார். அதே இடம், அதே கைப்பை. ஆனால் எதையும் சிபாரிசு செய்யவில்லை. “ஒன்னும் பார்க்கல தம்பி” என்பார். டீவியே போடுவதில்லையாம். யாருக்காகப் பார்க்க என்று கேட்டார், அது கேள்வியாகக்கூட இல்லை. முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அணைந்துபோயிருந்தது. சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. கிளினிக்கில் ஆள் வந்து நிற்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று டாக்டரே வருத்தப்பட்டாராம். வேலையை விட்டுவிடப்போவதாகப் பேச்சு வந்தது.

“இப்படியே விட்டா ஆளே நமக்குக் கிடைக்க மாட்டாங்க” என்றாள் தேவி, அக்கா வராத ஒரு நாளில். “நம்ம அவங்களுக்கு ஒன்னு தேடிக் கொடுக்கணும். அவங்க நமக்குச் செஞ்ச மாதிரி, பார்த்து, சலிச்சு.”

“செரி. தங்கச்சிக்கு எது ஆகாது?” என்று கேட்டார் காதர் அண்ணன்.

எத்தனை வருஷமாகக் கூடவே வருகிறோம். எங்கள் ஒவ்வொருவருக்கும் எது ஆகாது என்று அவருக்குத் தெரியும். அவருக்கு எது ஆகாது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒருநாளாவது கேட்டிருப்போமா? வெட்கக்கேடு.

பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன், டீவிதானே உனக்குத் துணை என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். நானும் அக்காவின் கண்ணை வைத்துப் பார்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் அது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரிந்தது. நகைச்சுவைப் படம் என்று போட்டால், கதாநாயகனின் அப்பா சக்கர நாற்காலியில் வருகிறார். ஊர் சுற்றும் நிகழ்ச்சியில் ஒரு வயதான தம்பதி கைகோத்து நடக்கிறார்கள். பேய்ப் படமாவது பத்திரமாக இருக்கும் என்று பார்த்தால், பேய்க்கும் ஒரு மனைவி இருந்தாள், அதுவும் அவளைத் தேடித்தான் வந்திருந்தது. உலகத்தில் எடுத்த அத்தனையிலும் ஒரு நாற்காலியோ கட்டிலோ மருந்து புட்டியோ எங்காவது இருந்தே தீரும். இதையெல்லாம் தாண்டித் தாண்டித்தான் அவர் எங்கள் நான்கு பக்கமும் வேலி போட்டிருக்கிறார். எப்படி முடிந்தது?

கடைசியில் ஒரு கேக் செய்யும் போட்டியைக் கண்டுபிடித்தேன். யாரும் சாகவில்லை, யாருக்கும் உடம்பு முடியாமல் போகவில்லை. ஒரே ஒரு அடுக்கு கேக் சரிந்து விழுகிறது, அவ்வளவுதான். நானே ஒரு மருந்து கண்டுபிடித்தவன்போல் பெருமையோடு சொல்லிவிட்டு வந்தேன். சில நாள் கழித்து அக்கா பெர்ரியில் அருகில் வந்து உட்கார்ந்தார்.

“பார்த்தேன் தம்பி. நல்லா இருந்துச்சு.”

பிறகு, “அந்தக் கேக் சரிஞ்சதும் ஒரு பையன் அழுதான் பாரு, எனக்குப் பொறாமையா இருந்துச்சு” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“ஒரு கேக்குக்கு அவனுக்கு அழுகை வருது. எனக்கு வரல தம்பி. அவர் போனதுலேருந்து வரல. இங்கே வந்து நிக்குது” என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். “முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. அவர் முன்னாடி அழக்கூடாதுன்னு அத்தனை வருஷம் அடக்கி அடக்கி, இப்போ வழி மறந்துபோச்சு போல.”

அக்கா கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டார்.

“நீ எனக்கு ஒன்னும் ஆகாதபடி தேடியிருக்கே, தெரியுது. அது வேணாம். எனக்கு அழுகை வர்ற மாதிரி ஒன்னு சொல்லு. எங்கே வரும்னு சொல்லாதே. தனியாப் பார்க்க மட்டும் பயமா இருக்கு. நீங்க எல்லாரும் வாங்க லா.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் போனோம். காதர் அண்ணன் ஒரு பொட்டலம் சமூசா வாங்கி வந்திருந்தார், ஒருவரும் தொடவில்லை. கூடத்து மூலை காலியாக இருந்தது. சாய்வு நாற்காலியின் கால்கள் அழுந்திய பள்ளங்கள் மட்டும் ரப்பர் விரிப்பில் தெரிந்தன. நான் தேர்ந்தெடுத்திருந்தது ஏதோ ஒரு குளிர்நாட்டுப் படம். ஒரு கிழட்டுப் படகுக்காரர், அவர் மனைவி, வேறு யாரும் அதிகம் இல்லை. பாதிக்கு மேல் நானும் பார்த்திருக்கவில்லை. எங்கே என்ன வரும் என்று தெரிந்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அக்காவுக்கு முகம் படிக்கத் தெரியும். அதனால் வேண்டுமென்றே நிறுத்தியிருந்தேன்.

படம் ஓடியது. புயல் வந்தது, படகு உடைந்தது, படகுக்காரர் படுக்கையில் விழுந்தார். அக்கா அசையவில்லை. திரையின் அடியில் ஓடிய மலாய் எழுத்துகளை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு மகன் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனான். தேவி மூக்கை உறிஞ்சினாள். அக்காவின் கண் காய்ந்தே இருந்தது. இதுவும் வீண்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு ஒன்றுமில்லாத ஒரு காட்சி வந்தது. அந்த மனைவி கிண்ணத்தில் கஞ்சியோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்கிறாள். ஒரு கரண்டி எடுத்து ஊதுகிறாள். தன் உதட்டில் தொட்டு, சூடு பார்க்கிறாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி தொட்டுப் பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கொடுக்கிறாள். பாட்டில்லை, பேச்சில்லை.

அக்காவின் கை ரிமோட்டைத் தூக்கியது. கட்டை விரல் பொத்தானுக்குப் போனது. அவர் முகம் திரையை விட்டுத் திரும்பி, பழக்கத்தில், கூடத்து மூலையைப் பார்த்தது.

அங்கே யாரும் இல்லை.

விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது. யாருக்காக அமுக்குவது? ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தார். முதலில் தோள்தான் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. அது அவருடைய குரல்போலவே இல்லை, எங்கிருந்தோ கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. தேவி அவரைக் கட்டிக்கொண்டாள். நான் எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். காதர் அண்ணன் பயந்துபோய், படத்தை நிறுத்துவதற்காக ரிமோட்டை எடுத்தார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்தாதீங்கண்ணே. இப்பத்தான் வருது.”

காதர் அண்ணன் கையை எடுத்துக்கொண்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். அறை இருட்டிக்கொண்டு வந்தும் யாரும் விளக்கைப் போடவில்லை. படம் பாட்டுக்கு ஓடி முடிந்தது. அது எப்படி முடிந்தது என்று எங்கள் நாலு பேரில் யாருக்கும் இன்றுவரை தெரியாது.